வரி இல்லாதவருக்கும் கணக்கு வேண்டும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலையின் சொந்தத் தொழிலாளர்கள்

வருமான வரி என்று பேச்சை எடுத்தால் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கும். "நமக்கெல்லாம் ஏதுங்க வரி?" என்பது ஒன்று. "அதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாரு" என்பது மற்றொன்று. முதல் பதில் பெரும்பாலும் சரி. சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கை அலுவலகமே எழுதித் தந்துவிடுகிறது. ஆண்டு முடிந்ததும் படிவம் 16 கைக்கு வந்துவிடும். மரச்சிற்பி, மரவள்ளித் தரகர், மினி லாரி வைத்திருப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், தையல்காரர், தேன் எடுத்து விற்கும் மலைவாசி ஆகியோருக்கு அப்படி எழுதித் தர யாரும் இல்லை. தாம் எவ்வளவு சம்பாதித்தோம் என்பதைத் தாமே எழுதி, தாமே நிரூபிக்க வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, இத்தகையவர்கள் பிழைக்கும் ஊர். சமவெளியில் நெல்லும் கரும்பும் அரிசி ஆலைகளும், மேற்கே கல்வராயன் மலையில் மரவள்ளியும் சிறுதானியமும் காட்டுப் பொருள்களும் என்று இரண்டு வகைப் பிழைப்பு. வரிச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

முதலில் வரியையே பார்த்துவிடுவோம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி கிடைப்பதால் அவர் கட்ட வேண்டியதும் சுழியம்தான். சிறு தொழில் செய்பவருக்கு இதோடு இன்னொரு சலுகையும் உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடிக்குள்) வரவு செலவுப் புத்தகம் வைக்காமலே, ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதத்தையும் லாபம் என்று காட்டலாம். ஆடிட்டர் அலுவலகங்களில் '44ஏடி' என்று சொல்வது இதைத்தான். 2 கோடியும் வங்கி வழியாகவே வந்ததாக வைத்துக்கொண்டாலும் 6 சதவீதம் என்பது 12 லட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால் அதற்கும் வரி இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் கடைகளில் எத்தனை பேர் இந்த எல்லையைத் தாண்டுவார்கள் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 44ஏடி, தொழில்முறையாளர்களுக்கான 44ஏடிஏ, சரக்கு வண்டிக்காரர்களுக்கான 44ஏஇ ஆகிய மூன்றும் புதிய சட்டத்தில் 58ஆம் பிரிவுக்குள் அடங்கிவிட்டன. 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற தலைவலி ஒழிந்து 'வரி ஆண்டு' என்று ஆகியிருக்கிறது. 2025-26ஆம் ஆண்டு வருமானத்தை இன்னும் பழைய சட்டப்படியே காட்ட வேண்டும். பழைய எண்கள் ஊர்வாயில் இன்னும் சில காலம் இருக்கும் என்பதால் இந்தக் கட்டுரையிலும் அவற்றையே சொல்கிறேன்.

வரி சுழியம், புத்தகமும் வேண்டாம் என்று சட்டமே சொல்லும்போது இதில் எழுத என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. புத்தகம் வேண்டாம் என்று சொல்வது வருமான வரிச் சட்டம் மட்டுமே. வங்கி மேலாளர், விபத்து வழக்கு நீதிபதி, ஜிஎஸ்டி அதிகாரி எவரும் அப்படிச் சொல்வதில்லை. 44ஏடி பிரிவையே முழுதாகப் படித்தால், 8 சதவீதம் "அல்லது அதற்கு மேல் உண்மையில் ஈட்டியது" என்றுதான் அதன் பொருள் வரும். இரண்டாவது பாதியைப் படிப்பவர் அரிது. உண்மையான லாபம் 25 சதவீதமாக இருந்தாலும் 8 என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தச் சலுகைக்குள் நுழைந்தவர் அடுத்த ஐந்தாண்டுக்குள் ஒருமுறை விலகி, 'இந்த வருஷம் அவ்வளவு லாபம் இல்லை' என்று குறைத்துக் காட்டினால், அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு உள்ளே வர முடியாது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும். அதுவரை எழுதியே பழகாதவர் அன்றைக்கு எதை எடுத்துக் காட்டுவார்?

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்தின் வரிச் சிக்கல் முழுவதும் அந்தக் கிழங்கின் எடைச் சீட்டு ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் விளையும் கிழங்கு சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ஆலை வாசலில் எடை மேடை. ஏற்றி வந்த வண்டியின் எடை, காலி வண்டியின் எடை, நிகர எடை என்று வரிசையாக அச்சாகும். பிறகு மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்ப்பார்கள். விலை அந்தப் பாயிண்டைப் பொறுத்தது. மண், வேர் என்று கழிவு போகும். ஏற்றுக்கூலி, லாரி வாடகை, நட்டபோது வாங்கிய முன்பணம் எல்லாம் கழிந்து கடைசியில் கைக்கு ஒரு தொகை வரும். விவசாயி அந்தக் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். அடுத்த துவைப்பில் சீட்டு போயிற்று.

அந்த ஒரு சீட்டில் வரிச் சட்டம் மூன்று மனிதரைப் பார்க்கிறது. கிழங்கை விளைவித்தவரின் வரவு விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. வண்டிக்காரர் பத்து வண்டிக்குள் வைத்திருந்தால் 44ஏஇயில் வருவார். 12 டன்னுக்கு மேற்படாத வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 90,000 ரூபாய், லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் தொகை அதேதான். கனரக வண்டியானால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். மூன்றாமவர் தரகர். இவர் நிலைதான் மோசம். தரகுக் கமிஷனுக்கு 44ஏடி பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஊரிலேயே மிகச் சிறிய தரகரானாலும் உண்மையான வரவு செலவைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய வங்கிக் கணக்கில் இருக்கிறது. பத்து விவசாயிகளின் கிழங்குப் பணத்தை ஆலை தரகரின் கணக்குக்கே அனுப்பிவிடும். அவர் எடுத்து அவரவருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஓராண்டில் 40 லட்சம் அவர் கணக்கில் வந்து போயிருக்கும். அதில் அவருடையது ஒரு லட்சமாகக்கூட இருக்கலாம். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். துறையின் கணினிக்கு 40 லட்சம் தெரியும், பத்து விவசாயிகள் தெரிய மாட்டார்கள். 'இந்தப் பணம் என்னுடையது அல்ல' என்று காட்ட அந்த எடைச் சீட்டுகளையும், யாருக்கு எவ்வளவு என்று எழுதிய நோட்டையும் தவிர அவரிடம் வேறு ஆதாரம் இல்லை. சீட்டு விவசாயி பெயரில் போடப்பட்டதா, தரகர் பெயரில் போடப்பட்டதா என்பதும் முக்கியம். சொந்தப் பணத்தில் வாங்கித் தன் பெயரில் விற்றிருந்தால் அவர் தரகர் அல்லர், வியாபாரி. அப்போது 44ஏடி கிடைக்கும். கமிஷன் மட்டும் வாங்கினால் கிடைக்காது. விளைபொருளை வாங்கவோ விற்கவோ உதவும் கமிஷன் முகவருடைய சேவைக்கு ஜிஎஸ்டியில் விலக்கு இருப்பது அவருக்கு ஓர் ஆறுதல்.

ரொக்கம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டும் வியாபாரி ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைச் சட்டம் ஏற்காது. விளைபொருளையோ காட்டுப் பொருளையோ விளைவித்தவரிடமே நேரடியாக வாங்கும்போது இந்தத் தடை இல்லை. வங்கியே இல்லாத ஊரில், அந்த ஊர்க்காரருக்குக் கொடுப்பதற்கும் விதிவிலக்கு இருந்துவந்திருக்கிறது. மலைக்கு ஏறிப் போய் வாங்குபவருக்கு இது பெரிய வசதி. இடையில் இன்னொரு வியாபாரி வந்துவிட்டால் விலக்கு போய்விடும். ஆகவே யாரிடம் வாங்கினோம் என்று பெயரும் ஊரும் எழுதிய ஒரு வரி தேவைப்படுகிறது. கைமாற்று வேறு கதை: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது; வாங்கினால் அபராதமே அந்தத் தொகை அளவுக்குப் போகலாம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டால் இந்தத் தடை பொருந்தாது.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தாரருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைக்கவும் செய்தார்கள். பட்டா, அடங்கல், ரசீது என்று காகிதத்தால் ஆன உலகம் சமவெளிக்கு நூறாண்டுக்கு முன்பே பழகியது. மலைக்கு அது நேற்று வந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் இருந்தாலும், நிலத்துக்குக் காகிதம் இல்லாத குடும்பங்கள் இன்னும் உண்டு.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது: 'எஸ்.டி.க்கு வருமான வரியே கிடையாது.' பாதி உண்மை. பழைய சட்டத்தின் 10(26) பிரிவு பழங்குடியினருக்கு முழு விலக்கு தந்தது; ஆனால் அது வடகிழக்கின் குறிப்பிட்ட மாநிலங்கள், பகுதிகள், லடாக் ஆகிய இடங்களில் வாழ்ந்து அங்கே ஈட்டுவோருக்கு மட்டும். தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் அது பொருந்தாது. அரசு வேலையில் இருக்கும் மலைவாசிகளுக்கு இது சம்பளத்தில் வரி பிடிக்கும்போது தெரிந்துவிடும். சொந்தத் தொழில் செய்பவருக்கோ நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு நுணுக்கம் தேனிலும் கடுக்காயிலும் இருக்கிறது. சாமையோ தினையோ மரவள்ளியோ விதைத்து எடுத்தால் அது விவசாய வருமானம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குத்தகைச் சாகுபடிக்கும் விலக்கு உண்டு. ஆனால் தானாக வளர்ந்த காட்டு மரத்திலிருந்து கிடைப்பது விவசாய வருமானம் அல்ல. உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை வேலை மண்ணில் நடந்திருக்க வேண்டும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. எனவே ஒரே வீட்டில் கணவர் விற்கும் கிழங்கு ஒரு கணக்கிலும், மனைவி பொறுக்கி விற்கும் கடுக்காய் இன்னொரு கணக்கிலும் வரும். கடுக்காய் விற்று எவரும் 4 லட்சத்தைத் தாண்டப்போவதில்லை; ஊர் ஊராக வாங்கிச் சேர்த்து மொத்தமாக விற்கும் வியாபாரிக்குத்தான் இந்த வேறுபாடு பணமாகத் தெரியும்.

இந்த மாவட்டத்துக்கு வருமான வரித் துறை செய்யும் மிகப் பெரிய அநியாயம் ஒரு படிவத்தில் இருக்கிறது என்று சொல்வேன். 44ஏடியில் வருபவருக்கென்று வந்த எளிய படிவம் ஐடிஆர்-4. 'சுகம்' என்பது அதன் பெயர். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-3க்குப் போக வேண்டும். அது இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு என்று பெரிய வியாபாரிகளுக்காக அமைந்த நீளமான படிவம். கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருப்பவருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இல்லாமல் இருப்பது அபூர்வம். ஓர் ஏக்கர் மரவள்ளி ஆண்டுக்கு 5,000 ரூபாய்கூட மிச்சம் வைக்காது என்று யாராவது நம்புவார்களா? அதனால் நடப்பது இதுதான்: ரிட்டர்ன் போடும் இடத்தில் விவசாய வருமானக் கட்டத்தில் '0' அல்லது சரியாக '5000' என்று போட்டுவிடுகிறார்கள். சட்டப்படி வரியே இல்லாத வருமானம் காகிதத்தில் காணாமல் போகிறது. மூன்றாண்டு கழித்து அதே விவசாயப் பணத்தில் வீடு கட்டும்போதோ டிராக்டர் வாங்கும்போதோ, 'இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்குக் காட்ட ஒரு வரிகூட மிஞ்சவில்லை. யோக்கியமான பணத்தைக் கறுப்புப் பணம் போல ஆக்கிவிடும் ஏற்பாடு இது.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் அதை எழுதிக் காட்டுவதில் இன்னொரு பொருளும் உண்டு. விவசாய வரிவிதிப்பை ஆராய்ந்த கே.என்.ராஜ் குழு 1972இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல், கடை வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தையும் சேர்த்துக் கூட்டித்தான் வரி விகிதத்தை முடிவு செய்கிறார்கள். விவசாயத்துக்கு வரி போடுவதில்லை. கடைக்கான வரி சற்று ஏறும். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், பின்கோடு, பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றெல்லாம் படிவம் கேட்கும். பட்டா இல்லாத மலை விவசாயிக்கு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த உரிமைப் பத்திரம் இருந்தால் அதுவே இங்கே கைகொடுக்கும். அதுவும் இல்லாதவருக்கு ஆலைச் சீட்டும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ரசீதும்தான் சாட்சி.

கணினி வழியாக ரிட்டர்ன் அனுப்பிவிட்டாலும் வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். எளிய வழி ஆதார் ஓடிபி. மலைக் குக்கிராமங்களில் பலவற்றில் செல்போன் சிக்னல் இன்றும் மேட்டில் ஏறினால்தான். கீழே கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ உட்கார்ந்து ரிட்டர்ன் போடுபவர் தன் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவதும் இதனால்தான். பிறகு துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அந்த எண்ணுக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் போகும். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. ஓடிபி வராதவர் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டுப் பெங்களூருவிலுள்ள மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். இந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது, சொல்வார்தான் இல்லை.

மரச்சிற்பிகளுக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர், வாகனம், கோயில் கதவு, தெய்வத் திருமேனி என்று வேலை. கோயில் வேலையை ஒப்பந்தமாக எடுக்கும்போது, பணம் தரும்போதே 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று வரியாகப் பிடிப்பார்கள். 8 லட்ச ரூபாய் வேலைக்கு 8,000. அந்தச் சிற்பிக்கு வரியே இல்லை என்றால் 8,000 ரூபாயும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ரிட்டர்ன் போட்டால்தான் வரும். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதற்குப் பிறகு, நான்காண்டு வரை திருத்திப் போட இடம் தரும் 'அப்டேட்டட்' ரிட்டர்னில் பணம் திரும்பக் கேட்க முடியாது. தனியாக மன்னிப்பு மனு போட்டு அதிகாரியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். பான் எண்ணை ஆதாரோடு இணைக்காதவருக்கு 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம்வரை பிடித்துவிடுவார்கள். எவ்வளவு பிடித்தார்கள் என்பது படிவம் 26ஏஎஸ்ஸில் இருக்கும். பல சிற்பிகளுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

ஜிஎஸ்டியில் சிற்பியின் நிலை விசித்திரமானது. மரத்தில் செய்த தெய்வச் சிலைக்கு 2018 ஜூலையில் விலக்கு கொடுத்தார்கள். அதே பட்டறையில் அதே உளியால் செய்யும் அலங்காரப் பொருளுக்கு வரி உண்டு; 2025 செப்டம்பர் 22 முதல் கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. பொருள் மட்டும் விற்பவர் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. மரத்தைக் கோயிலே வாங்கிக் கொடுத்து, சிற்பி கூலிக்கு மட்டும் செதுக்கினால் அது சேவை. வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும். வரம்பைப் பார்க்கும்போது வரி விலக்குள்ள தெய்வச் சிலையின் விற்பனையையும் கூட்ட வேண்டும். முழுக்க விலக்குப் பொருள் மட்டுமே விற்பவருக்கோ பதிவே வேண்டாம். பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ அனுப்பினால் மாநில எல்லை தாண்டியதற்காகப் பதிவு கட்டாயமாகும் என்று பயமுறுத்துவார்கள். கைவினைப் பொருளுக்கு 20 லட்ச வரம்புக்குள் அதிலும் விலக்கு உண்டு. பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் போதும். மரம் யார் கொடுத்தது, செய்தது என்ன, அனுப்பியது எங்கே என்ற மூன்றும் பில்லில் இல்லாவிட்டால் இந்தச் சலுகை எதையும் கேட்டு வாங்க முடியாது.

நடப்புக் கணக்கு தொடங்க வேண்டும், கடன் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லி ஜிஎஸ்டி எண் வாங்கிவிட்டு, விற்பனை இல்லை என்று ரிட்டர்ன் போடாமல் விட்டவர்களும் இங்கே உண்டு. சுழிய ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. தேவையில்லாத எண்ணை முறைப்படி ரத்து செய்துவிடுவதே நல்லது.

வரி இல்லாதவர் ஏன் ரிட்டர்ன் போட வேண்டும் என்று கேட்பவருக்குக் கடன் ஒரு பதில். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடனும் 25 சதவீத மானியமும், அதிகபட்சம் 50,000 ரூபாய், தருகிறது. இவ்வகைச் சிறு கடனுக்குச் சான்று எளிது. அதற்கு மேல் 10 லட்சம் என்று போனால் வங்கி 'மூணு வருஷ ரிட்டர்ன்' கேட்கும். 18 லட்சம் வரவில் 12 லட்சம் வங்கி வழி, 6 லட்சம் ரொக்கம் என்றால், குறைந்தபட்ச லாபம் 72,000 கூட்டல் 48,000, மொத்தம் 1,20,000. மாதம் 10,000. உண்மையில் அவர் 5 லட்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். 5 லட்சத்தைக் காட்டியிருந்தாலும் வரி சுழியமே. இருந்தும் 1,20,000 என்றே போயிருக்கும். மாதம் 10,000 சம்பாதிப்பவருக்கு எந்த மேலாளர் 10 லட்சம் கொடுப்பார்?

இன்னொரு பதில் விபத்து. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மோட்டார் விபத்து வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இறந்தவருக்கு விவசாய நிலமும் இருந்தது; குடும்பம் அதன் விளைச்சலை வைத்து இழப்பீடு கேட்டது. வருமான வரி ரிட்டர்ன் இருக்கும்போது அதன் அடிப்படையில்தான் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்க வேண்டும், அது சட்டப்படியான ஆவணம் என்று நீதிமன்றம் கூறியது. குறைத்துக் காட்டிய ரிட்டர்ன் வரித் துறையை ஏமாற்றுகிறதோ இல்லையோ, வீட்டாரை ஏமாற்றிவிடும்.

பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 'ரிட்டர்ன் போட்டால் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும்' என்ற பேச்சு 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து பரவலாக இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம், அதற்கு மேல் ஈட்டி வரி கட்டுவோரைத் திட்டம் சேர்ப்பதில்லை. உண்மையிலேயே அந்த வரம்புக்குள் இருப்பவர் டிடிஎஸ் திரும்பப் பெற ரிட்டர்ன் போட்டால் அதனால் தகுதி போகாது. பிரதமர் கிசான் திட்டத்திலும் முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவர்தான் விலக்கப்படுகிறார். கடனுக்காக 6 லட்சம் என்று காட்டிவிட்டு, உதவித்தொகைக்கு 72,000 என்று வருமானச் சான்றிதழ் வாங்குபவர்தான் மாட்டிக்கொள்வார். இரண்டு காகிதமும் ஒரே ஆதாரில் தொங்குகின்றன.

இந்த இடத்தில்தான் 'ஆடிட்டர் பார்த்துக்குவாரு' ஆபத்தாகிறது. பட்டயக் கணக்காளரையும் வரி ஆலோசகரையும் ஜெராக்ஸ் கடையில் ரிட்டர்ன் போடும் பையனையும் நாம் ஒரே பெயரில்தான் அழைக்கிறோம். இவர்களில் நேர்மையானவர்களே அதிகம். ஆனால் கடனுக்கு ஏற்ற வருமானத்தைத் 'தயாரித்து'த் தருபவர்களும், பொய்க் கழிவு காட்டிப் பணம் திரும்ப வாங்கித் தந்து கமிஷன் எடுப்பவர்களும் உண்டு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் இத்தகைய இடைத்தரகர்களைச் சோதனையிட்டது. பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. நோட்டீஸ் வந்தால் அது ரிட்டர்ன் யாருடையதோ அவருக்குத்தான், போட்டுக் கொடுத்தவருக்கு அல்ல. கடவுச்சொல், பதிவான கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் தன் கையில் இருக்க வேண்டும். ஆதாரையும் பானையும் யாரிடமும் விட்டுவரக் கூடாது. கூலித் தொழிலாளர் பெயரில் போலி ஜிஎஸ்டி நிறுவனம் தொடங்கி, அவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் நோட்டீஸ் வந்த செய்திகள் தமிழ்நாட்டிலேயே உண்டு.

ஜிபே, போன்பே பற்றிய அச்சம் புதியது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் 29 லட்சம் கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு இறங்கி வந்தது. அதற்குள் பெங்களூருக் கடைகளில் 'ரொக்கம் மட்டும்' அட்டைகள் தொங்கின. ரொக்கத்துக்குத் திரும்புவது பைத்தியக்காரத்தனம்: 6 சதவீதம் 8 ஆகும், வங்கியில் வரலாறு அழியும். ஹாவேரி கடைக்காரருக்கு உதவியிருக்கக் கூடியது மண்டியில் காய்கறி வாங்கிய சீட்டுகள்தான்.

ஒப்பிடப் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே சுயதொழில் செய்யும் நம்மவர்கள் ஜனவரி 31 கெடுவுக்குப் பிறகும் ஐந்தாண்டு கணக்கை வைத்திருக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் ஆண்டு வரவு 50,000 பவுண்டைத் தாண்டுவோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாகக் கணக்கு அனுப்பவும் வேண்டும். நம் நாடும் அந்தத் திசையில்தான் போகிறது. அங்கே கணக்கு எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். இங்கே எழுத வேண்டாம் என்று சலுகை தந்துவிட்டு, பிறகு கணினியைக் கொண்டு கேள்வி கேட்கிறார்கள். எது கடினம் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது பெரிய பேரேடு அல்ல. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று. சீட்டு நிதிப் பணமும் மொய்ப் பணமும் அதில் கலக்கக் கூடாது. பக்கத்தின் இடது பாதியில் வரவு, வலது பாதியில் செலவு என்று ஒரு நோட்டு. ரொக்கமாக வந்ததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. முன்பணம் வாங்கினால் யாரிடம், எந்த வேலைக்கு என்று ஒரு வரி. எடைச் சீட்டு வெயிலில் வெளுத்துவிடும் காகிதம். அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்துவிட வேண்டும். ஏப்ரலில் ஒருமுறை 26ஏஎஸ்ஸையும் ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிப் பார்த்து, துறைக்குத் தெரிந்ததும் நமக்குத் தெரிந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் 44ஏடிக்காரர் மார்ச் 15க்குள் முன்வரியைக் கட்டிவிட வேண்டும். நகராட்சி அரையாண்டுத் தொழில் வரி கட்டிய ரசீதும் ஒரு சான்றுதான், தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டிக்குக் கணக்கை ஆறாண்டு வைத்திருக்க வேண்டும், எனவே எல்லாவற்றையும் ஏழெட்டு ஆண்டு வைத்திருங்கள். ரிட்டர்ன் கெடுவை வாட்ஸப்பில் நம்பாதீர்கள். 2025இல் ஜூலை 31 என்றிருந்தது செப்டம்பர் 15 ஆகி, கடைசி நிமிடத்தில் 16 ஆனது.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. சவ்வரிசி ஆலைகள் எடைச் சீட்டை விளைவித்தவர் பெயரிலேயே போட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் வலியுறுத்தலாம். டிசம்பருக்கு முன் ஒருமுறை வெள்ளிமலையில் வரித் துறை முகாம் நடத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஐடிஆர்-4இன் அந்த 5,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. யார் எந்தப் படிவத்தைப் போடலாம் என்பது விதியில் இருக்கிறது. நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே மாற்றிவிடலாம்.